அவர்கள் தாளில் உங்கள் பென்சில் பட வேண்டாம்

கேள்வி: ஐயா, மதுரைக்கு மேற்கே நாகமலைப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் சென்ற ஆண்டு ஓவிய ஆசிரியையாகச் சேர்ந்தேன். ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு வாரம் ஒரு பீரியட், 40 நிமிடம். வகுப்புக்கு அறுபது பேர். அந்த ஒரு பீரியடையும் கணக்கு சார் அடிக்கடி கேட்டு வாங்கிக்கொள்கிறார். பிள்ளைகளில் பாதிப் பேர் "எனக்கு வராது டீச்சர்" என்று நோட்டை மூடிவிடுகிறார்கள். மீதிப் பேர் செல்போனில் பார்த்த நடிகர் படத்தையும் ஜப்பான் கார்ட்டூனையும் வரைகிறார்கள். ஒரே ஒரு பையன் அசத்துகிறான். அவனைப் பார்த்து மற்றவர்கள் இன்னும் சுருங்கிப் போகிறார்கள். நான் திருத்திக் கொடுத்தால் படம் நன்றாக வருகிறது. அடுத்த வாரம் மறுபடி பழைய கதைதான். மதிப்பெண் எப்படிப் போடுவது என்றும் தெரியவில்லை. வழி சொல்லுங்கள்.
ஓர் ஓவிய ஆசிரியை, மதுரை மாவட்டம்

அன்புள்ள டீச்சர்,

கணக்கு சாரைப் பற்றியும் அறுபது பேரைப் பற்றியும் நீங்கள் எழுதியதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. 31 வருடம் இதே வேலையைப் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கணக்குக்கும் அறிவியலுக்கும் நான் தாரை வார்த்த பீரியட்களைச் சேர்த்தால் இரண்டு வருடம் தேறும். என்னை நிறுத்தியது உங்கள் கடிதத்தின் வேறொரு வரி. "நான் திருத்திக் கொடுத்தால் படம் நன்றாக வருகிறது" என்கிறீர்கள். முதலில் அதைப் பேசிவிடுவோம்.

மழைநீர் சேகரிப்புப் பிரசாரம் ஊரெல்லாம் நடந்த காலம். மாவட்ட அளவில் ஓவியப் போட்டி வைத்தார்கள், தலைப்பும் அதேதான். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன், கை சுத்தமாக இருக்கும். பத்து நாள் மாலை வகுப்பு முடிந்ததும் அவனை உட்கார வைத்து ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னேன். ஓட்டு வீடு, கூரையிலிருந்து இறங்கும் குழாய், தொட்டி, குடை பிடித்த ஒரு பெண். அந்தப் பெண்ணின் கை கட்டையாக இருந்தது, நான் நீட்டினேன். மரம் துடைப்பம் மாதிரி நின்றது, நான் இலை வைத்தேன். கடைசி நாட்களில் பையன் கண்ணை மூடிக்கொண்டே அந்தப் படத்தைப் போடுவான். போட்டியில் இரண்டாம் பரிசு. தலைமையாசிரியர் காலைக் கூட்டத்தில் என் பெயரையும் சேர்த்துச் சொன்னார், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்துப் பெரியார் பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு டீக்கடையில் அவனைப் பார்த்தேன். டீக்கு என்னைக் காசு கொடுக்க விடவில்லை. பயிற்சிக்குப் போட்ட படங்களில் ஒன்றை அவனுடைய அம்மா கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறாராம். "வர்றவங்க கிட்ட எல்லாம் காட்டும் சார். எனக்குத்தான் ஒரு மாதிரியா இருக்கும். அது நீங்க போட்டதுதானே சார்" என்றான். குறை சொல்லும் குரல் இல்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அந்தப் போட்டிக்குப் பிறகு ஒரு படம்கூட வரையவில்லை என்பதையும் அதே சிரிப்போடு சொன்னான்.

அன்றைக்கு எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். பிள்ளைகளின் தாளில் என் பென்சில் படாது. உங்களிடம் நான் கேட்பதும் அது ஒன்றைத்தான்; மற்றதெல்லாம் அதைக் கடைப்பிடிப்பதற்கான வழிகள்.

பதின்மூன்று, பதினான்கு வயதில் ஒரு விபரீதம் நடக்கிறது. அதுவரை வட்டத்துக்கு நாலு குச்சி வைத்து "இது எங்கப்பா" என்று தைரியமாகச் சொன்ன பிள்ளைக்குத் திடீரென்று கண் கூர்மையாகிவிடும். தான் போட்ட கை கை மாதிரி இல்லை என்று அதற்கே தெரியும். ஏன் இல்லை என்பது தெரியாது, கைக்கும் இன்னும் பழக்கம் வரவில்லை. அந்த வயதில் "எனக்கு வராது" என்று ஒரு பிள்ளை சொன்னால் சோம்பல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அதன் கண் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அந்த நேரம் பார்த்து நீங்கள் குனிந்து நாலு கோட்டில் சரிசெய்து கொடுத்தால் படம் தப்பித்துவிடும். "டீச்சருக்கு வருது, எனக்கு வரல" என்பதும் உறுதியாகிவிடும். அடுத்த வாரம் நோட்டு மூடியிருப்பது அதனால்தான்.

அப்படியென்றால் சொல்லியே கொடுக்கக் கூடாதா? தாராளமாகச் சொல்லிக் கொடுங்கள், உங்கள் தாளில். கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கத்தை உள்ளங்கை அளவுக்கு வெட்டி ஒரு கட்டு எப்போதும் சட்டைப் பையில் வைத்திருப்பேன். மதுரையில் பத்திரிகைக்குப் பஞ்சமே கிடையாது. பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, அது பார்க்கும் பொருளையே நானும் பார்த்து, என் துண்டில் அந்த ஒரு மூலையை மட்டும் வரைவேன். பிறகு துண்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவேன். விட்டுவிட்டு வந்தால் பொருளை விட்டுவிட்டு அதைப் பார்த்துப் போட ஆரம்பிப்பார்கள், அதனால்தான்.

சரி, வகுப்புக்கு வருவோம். முதல் மாதம் முழுக்கப் பொருளைப் பார்த்து வரைவது மட்டும். ஆரம்பத்தில் நான் எல்லோரையும் அவரவர் செருப்பை வரையச் சொல்வேன். தேய்ந்த குதிகால், ஊக்கு குத்திய வார் என்று வரைய எவ்வளவோ இருக்கிறது, பிரமாதமான பொருள் என்று எண்ணம் எனக்கு. ஒரு நாள் ஒரு பெண் தன் செருப்பைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டு, மறந்துவிட்டு வந்ததாகச் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. பிள்ளையின் வீட்டு நிலைமையை மேசை மேல் எடுத்து வைக்கும் பொருள் எதுவும் வேண்டாம் என்று அன்றோடு செருப்பை விட்டுவிட்டேன். அதற்குப் பதில் இஞ்சி.

சிரிக்காதீர்கள். விரல் நீளத்துக்கு ஒரு துண்டு இஞ்சி. எந்த வீட்டு அடுப்படியிலும் இருக்கும், வரைந்து முடித்ததும் அம்மாவிடம் திரும்பிப் போய்விடும். இரண்டு இஞ்சி ஒரே மாதிரி இருக்காது, அதனால் பக்கத்துப் பையனைப் பார்த்துப் போட முடியாது. செல்போனில் தேடினாலும் உங்கள் கையிலிருக்கும் இஞ்சி அதில் வராது. இன்னொரு வசதி, இஞ்சி எப்படி இருக்கும் என்று யாருக்கும் மனப்பாடம் இல்லை. மாம்பழம் வரையச் சொன்னால் ஒன்றாம் வகுப்பில் பழகிய மாம்பழத்தைத்தான் போடுவார்கள், எதிரில் இருப்பதைப் பார்க்கவே மாட்டார்கள். மாசி, பங்குனியில் கொடுக்காப்புளி வந்துவிட்டால் அதுவும் நல்ல சரக்கு. சுருண்டு சுருண்டு, ஒவ்வொன்றும் ஒரு தினுசு. வகுப்பு முடியும்வரை அதைத் தின்னாமல் காப்பாற்றுவது உங்கள் சாமர்த்தியம்.

முதல் பீரியடில் தாளைப் பார்க்காமல் வரையச் சொல்லுங்கள். ஒரு துண்டு செய்தித்தாளின் நடுவில் பென்சிலைக் குத்தி, கைக்கு மேல் குடை போல வைத்துக்கொண்டால் அதற்குக் கீழே நடப்பது கண்ணுக்குத் தெரியாது. கண் இஞ்சியின் விளிம்பில் ஓர் எறும்பு போல ஊர்ந்து போக வேண்டும், பென்சில் அதே வேகத்தில் பின்னால் வர வேண்டும். எறும்பு பள்ளத்தில் இறங்கினால் பென்சிலும் இறங்கும். ஐந்து நிமிடம், பேச்சு கூடாது. பிறகு தாளைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். வகுப்பே சிரிப்பில் அதிரும், ஏனென்றால் அறுபதும் கோணல்தான், உங்கள் கெட்டிக்காரப் பையனுடையதும் சேர்த்து. அந்த ஐந்து நிமிடத்தில் எல்லோரும் ஒரே வரிசைக்கு வந்துவிடுகிறார்கள். சிரிப்பு அடங்கியதும் ஒவ்வொரு தாளிலும் ஏதாவது ஓர் இடத்தில், ஓர் அங்குல நீளத்துக்காவது, உயிருள்ள கோடு ஒன்று இருக்கும். அதைத் தேடி வட்டம் போடச் சொல்லுங்கள். வட்டத்தையும் அவர்களே போட வேண்டும்.

முதல் மாதம் ரப்பருக்குத் தடை. தப்பான கோடு அப்படியே இருக்கட்டும், பக்கத்திலேயே சரியான கோட்டைப் போடட்டும். ரப்பர் கையில் இருந்தால் நாற்பது நிமிடத்தில் முப்பது நிமிடம் அழிப்பார்கள்.

அடுத்து முட்டை. உங்கள் பள்ளியில் சத்துணவு உண்டென்றால் தினமும் அவித்த முட்டை வரும். அமைப்பாளரிடம் சொல்லி, சாப்பாட்டுக்கு முந்தைய பீரியடில் நாலு பேருக்கு ஒன்று வீதம் கடன் வாங்குங்கள். சுத்தமான தட்டில் வைத்து, யாரும் தொடாமல், ஜன்னல் ஓரம். வெள்ளைத் தாளில் வெள்ளை முட்டையை எப்படி வரைவது? பிள்ளைகள் முதலில் அழுத்தமாக ஓர் அவுட்லைன் போட்டு, அடியில் கொஞ்சம் தேய்ப்பார்கள். முட்டையைச் சுற்றி அந்தக் கறுப்புக் கோடு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். தேடுவார்கள், இருக்காது. வெளிச்சப் பக்கத்தில் முட்டை வெளுப்பாகவும் பின்னாலுள்ள சுவர் அதைவிடக் கொஞ்சம் மங்கலாகவும் இருக்கும். நிழல் பக்கத்தின் அடியில், தட்டிலிருந்து திரும்பி வரும் மெல்லிய வெளிச்சம் ஒன்று தெரியும். அதைக் கண்டுபிடிக்கும் பிள்ளை "டீச்சர், இங்க மறுபடி வெளுப்பா இருக்கு!" என்று கத்தும். நான் பார்த்தவரை இந்த வகுப்பில் கத்தாத வருடம் கிடையாது. 2பி, 6பி பென்சில் இரண்டு போதும். அதற்கு முன்னால் ஒரு பட்டையில் வெள்ளையிலிருந்து கறுப்பு வரை ஐந்து படி தேய்த்துப் பழகினால் நல்லது. மணி அடித்ததும் மாடல்கள் எல்லாம் வயிற்றுக்குள் போய்விடும், அதனால் மறு வாரம் தொடரலாம் என்று நினைக்காதீர்கள்.

நாற்காலி வரையும் பாடத்தில் நாற்காலியை வரையவே விடாதீர்கள். காலுக்கும் காலுக்கும் நடுவே, முதுகுச் சட்டத்துக்கு இடையே இருக்கும் காலி இடங்களை மட்டும் வரைந்து கறுப்பாக்கச் சொல்லுங்கள். நாற்காலிக்கு நாலு காலும் ஒரே நீளம் என்று அறிவு சொல்லும். கண் பார்க்கும்போது அப்படி இருக்காது. இரண்டுக்கும் நடக்கும் சண்டையில் எப்போதும் அறிவுதான் ஜெயிக்கும், படம் கோணலாகும். காலி இடத்துக்கு இன்ன வடிவம்தான் என்று அறிவுக்கு எதுவும் தெரியாது, அதனால் வாயை மூடிக்கொள்ளும். கடைசியில் வெள்ளையாக மிஞ்சுவது ஒழுங்கான நாற்காலி. வரவே வராது என்ற பிள்ளைகள்தான் இதில் அதிகம் திகைப்பார்கள்.

ஆளைப் பார்த்து வரையும்போது எல்லோரும் தலையைப் பூசணிக்காய் ஆக்குவார்கள். முழங்கையை மடக்காமல் பென்சிலை நீட்டி, ஒரு கண்ணை மூடி, கட்டை விரலால் தலையின் உயரத்தை அளந்து, உடம்பு எத்தனை தலை வருகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். வளர்ந்த ஆளுக்கு ஏறக்குறைய ஏழரை வரும், உங்கள் பிள்ளைகளுக்கு அதைவிடக் கொஞ்சம் குறையும். நம் சிற்பிகள் கணக்கையும் இந்த இடத்தில் சொல்லலாம். அவர்களுக்கு முகத்தின் நீளம் ஒரு தாளம், தாளத்துக்குப் பன்னிரண்டு அங்குலம். இந்த அங்குலம் ஸ்கேலில் இருப்பது இல்லை, சிலையின் உயரத்தைப் பிரித்து எடுப்பது. பெரிய தெய்வங்களுக்கு உத்தம தச தாளம், அதாவது பத்துத் தாள வகையிலேயே உயர்ந்த அளவு, மொத்தம் 124 அங்குலம். பிள்ளையாருக்குப் பஞ்ச தாளம், அதனால்தான் அவர் குட்டையும் குண்டுமாக அவ்வளவு செல்லமாக இருக்கிறார். மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போகாத பிள்ளை உங்கள் வகுப்பில் இருக்காது. அடுத்த முறை போகும்போது ஒரு தூணின் சிற்பத்தைப் பென்சிலால் அளந்து பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். கணக்கு சாரிடமும் இந்தப் பாடத்தைப் பற்றிப் பேச்சுவாக்கில் சொல்லி வையுங்கள். அடுத்த முறை பீரியட் கேட்க வரும்போது கொஞ்சம் தயங்குவார்.

செல்போன் படங்களுக்கு வருகிறேன். தடை போடாதீர்கள். பிடித்த நடிகரின் முடியை இழை இழையாக இரண்டு மணி நேரம் போடும் பொறுமை சும்மா வருவதில்லை. ஃபிளெக்ஸ் வருவதற்கு முன்னால் சினிமா பேனர் வரைந்தவர்களும் கையளவு ஸ்டில்லைக் கட்டம் பிரித்துத்தான் இருபது அடித் துணியில் ஏற்றினார்கள். ஆனால் ஒரு விஷயத்தைப் பிள்ளைகளுக்கு விளக்குங்கள். எதிரில் இருக்கும் கனமான, ஆழமான ஒன்றைத் தட்டையான தாளுக்குக் கொண்டுவருவதுதான் வரைபவரின் பாதி வேலை. போட்டோவில் அந்தப் பாதியைக் கேமரா முடித்துவிட்டது. மீதிப் பாதியை மட்டும் பழகியவன் எதிரில் நண்பனை உட்கார வைத்ததும் திணறுவான். ஆகவே ஒரு பேரம் பேசுங்கள். நடிகர் படம் போடலாம், தலைகீழாக வைத்துப் பார்த்துப் போட வேண்டும். கண், மூக்கு என்ற பெயரெல்லாம் கழன்று வெறும் கோடும் நிழலுமாகத் தெரியும், நாற்காலியில் நடந்ததே இங்கேயும் நடக்கும். இரண்டாவது, பார்த்துப் போடும் போட்டோவை அவர்களே எடுத்திருக்க வேண்டும். பாட்டி, ஆட்டுக்குட்டி, வாசலில் நிற்கும் டிவிஎஸ் பிஃப்டி, எதுவானாலும் சரி.

அந்தக் கெட்டிக்காரப் பையனை என்ன செய்வது? முதலில், அவன் படத்தைத் தூக்கிக் காட்டி "பாருங்கள், இப்படிப் போட வேண்டும்" என்று சொல்வதை நிறுத்துங்கள். அது மற்ற ஐம்பத்தொன்பது பேருக்கும் கெடுதல், அவனுக்கும் கெடுதல். கைதட்டல் வாங்கிய ஒரே வித்தையை இரண்டு வருடம் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருப்பான். அவனுக்குப் பென்சிலைப் பிடுங்கிவிட்டுப் பேனா கொடுங்கள், அழிக்க முடியாது. அசையாத பொருளை வரைந்தது போதும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வரும் காக்காயை வரையட்டும், அது நிற்காது. ஓவியர் கே. எம். ஆதிமூலம் 1969இல், காந்தி நூற்றாண்டு சமயத்தில், காந்தியைக் கறுப்புக் கோட்டிலேயே நூறு படங்கள் வரைந்தார். அவற்றில் சிலதைத் தேடி எடுத்து அவனுக்குக் காட்டுங்கள். ஒரே மனிதர், நூறு விதம். மதுரையில் பிறந்து ஓவியரான டிராட்ஸ்கி மருதுவின் கோடுகளையும் காட்டலாம், நம் ஊர்க்காரர் என்பது அந்த வயதுப் பையனுக்கு ஒரு தெம்பு.

அவனுடைய பெற்றோரிடம் ஒரு முறையாவது பேசுங்கள். பிளஸ் டூ முடித்ததும் சேரக்கூடிய அரசு கவின் கலைக் கல்லூரிகள் சென்னையிலும் கும்பகோணத்திலும் இருக்கின்றன, நாலு வருடப் பட்டப்படிப்பு. சென்னைக் கல்லூரி அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850இல் தொடங்கிய பள்ளியிலிருந்து வந்தது. சிற்பத்தில் மனம் போனால் மாமல்லபுரத்தில் அரசுக் கல்லூரி உண்டு. சேர்க்கைக்கு வரைந்து காட்ட வேண்டியிருக்கும், போட்டோ பார்த்துப் பழகிய கை அங்கே தடுமாறும் என்பதையும் அவனிடம் சொல்லிவிடுங்கள். "படம் போட்டா சோறு போடுமா?" என்று அப்பா கேட்டால் போடும் என்று சத்தியம் செய்யாதீர்கள். எனக்குத் தெரிந்து சிலருக்குப் போட்டது, சிலருக்குப் போடவில்லை. படிப்பு இருக்கிறது, செலவு இவ்வளவு, அரசுக் கல்லூரி என்ற விவரத்தை மட்டும் கொடுத்துவிட்டு வாருங்கள். முடிவு அவர்கள் எடுக்கட்டும்.

பீரியட் விஷயத்தில் என் அனுபவம் இது. வாரம் ஒரு பீரியட் என்பதை இரண்டு வாரத்துக்கு ஒரு இரட்டைப் பீரியடாக மாற்றித் தரச் சொல்லித் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். வெறும் கோரிக்கையோடு போகாதீர்கள், மாற்றிய கால அட்டவணையை நீங்களே எழுதிக் கொண்டுபோய் நீட்டுங்கள். மொத்த நேரம் அதேதான் என்பதால் மறுக்க அவருக்குக் காரணம் இருக்காது. 40 நிமிடத்தில் தாள் கொடுக்கப் பத்து, அடக்கப் பத்து, வாங்கி வைக்கப் பத்து போனால் வரைவதற்குப் பத்துதான் மிஞ்சும். 80 நிமிடத்தில் ஐம்பது கிடைக்கும். நாலு பேராகப் பதினைந்து குழு பிரித்து, குழுவில் ஒருவர் பொருளுக்கும் தாளுக்கும் பொறுப்பு என்றால் இன்னும் கூடும். பத்தாம் வகுப்பு மட்டும் அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு உங்கள் கையில் இருக்காது. அதற்காகச் சண்டை போட்டு நான் ஒரு தடவையும் ஜெயித்ததில்லை. டிசம்பருக்குள் முடித்துவிடுங்கள்.

தாளுக்குக் காசு இல்லை என்பீர்கள். அச்சகங்களில் வெட்டிப்போடும் ஓரத்தாளை எடைக்குக் கேட்டால் கொடுப்பார்கள். கரிக்கோலையும் கடையில் வாங்க வேண்டாம். புளியங்குச்சியைப் பென்சில் கனத்துக்கு ஒடித்துத் தோல் சீவி, மூடி இறுக்கமாக உள்ள பழைய தகர டப்பாவில் நெருக்கமாக அடுக்குங்கள். மூடியில் ஆணியால் ஒரு ஓட்டை. டப்பாவை விறகடுப்புத் தணலில் வைத்தால் ஓட்டை வழியாகப் புகை வரும். புகை நின்றதும் எடுத்து ஆற விடுங்கள், முழுக்க ஆறுவதற்குள் மூடியைத் திறந்தால் காற்றுப் பட்டுச் சாம்பலாகிவிடும். துணியில் கலம்காரி ஓவியம் வரைபவர்கள் முதல் கோடு போடுவது இந்தப் புளியங்கரியில்தான். இதைப் பள்ளியில் செய்ய வேண்டாம், வீட்டில் செய்து கொண்டுபோங்கள். கரியில் நுணுக்கமாகப் போட முடியாது, அதனாலேயே பயந்த பிள்ளைகளுக்கு அது நல்லது. கை, மூஞ்சி, யூனிஃபார்ம் எல்லாம் கறுப்பாகும். வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வண்ணத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், இரண்டாம் பருவத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும், பச்சை டியூபைப் பூட்டி வையுங்கள். சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றே கொடுத்து, ஆளுக்கொரு இலை பறித்து வந்து அந்தப் பச்சையைக் கலந்து காட்டச் சொல்லுங்கள். வேப்பங்கொழுந்தும் வாழை இலையும் ஒரே பச்சை இல்லை என்பதைக் கண்டுபிடிக்கவே இரண்டு பீரியட் ஆகும். பச்சை கூசினால் துளி சிவப்பு.

உங்கள் பள்ளி இருக்கும் இடத்துக்கு நான் பொறாமைப்படுகிறேன். விளாச்சேரி பக்கத்தில்தான், கொலு பொம்மை செய்யும் ஊர். நவராத்திரிக்கு முந்தைய மாதங்களில் அவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது, பொங்கல் கழிந்து போய்ப் பேசுங்கள். ஒரு கைவினைஞரை வகுப்புக்கு அழைத்து வாருங்கள், அவருக்கு ஒரு நாள் கூலியைக் கொடுத்துவிடுங்கள், சும்மா கூப்பிடாதீர்கள். கோட்டில் தோற்றுப்போன சில பிள்ளைகள் களிமண்ணைத் தொட்டதும் வேறு ஆளாகிவிடுவார்கள். அவர்களுக்கு விரலில் கண்.

கீழக்குயில்குடி சமணர் மலைக்கும் ஒரு காலை கூட்டிப்போங்கள். அடிவாரத்தில் தாமரைக் குளம், ஐயனார் கோயில், ஆலமரம். மேலே பேச்சிப்பள்ளத்தில், ஆயிரம் வருடத்துக்கும் மேலாகப் பாறையில் வரிசையாக நிற்கும் தீர்த்தங்கரர் சிற்பங்கள், அவற்றின் கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து. வெயில் பக்கவாட்டில் விழும் நேரமாகப் பாருங்கள், உச்சி வெயிலில் புடைப்புச் சிற்பம் தட்டையாகிவிடும். எல்லோரும் மேலே ஏற வேண்டும் என்பதில்லை. ஆல விழுதை வரைந்துகொண்டு கீழேயே உட்கார்ந்தவர்கள் நல்ல படம் கொண்டுவந்ததுண்டு. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம், சாக்பீஸ், கரி எதுவும் பாறையில் படக் கூடாது என்று கிளம்புவதற்கு முன்பே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

ஆண்டு விழாவுக்குச் சுவரில் படம் போட்டுக் கொடுங்கள் என்று எப்படியும் கேட்பார்கள். நீங்கள் ஒருவராக நின்று பாரதியாரையும் திருவள்ளுவரையும் வரையாதீர்கள். பிள்ளைகளின் இஞ்சி, நாற்காலி, காக்காய்ப் படங்களைக் கட்டம் பிரித்து அவர்களே சுவரில் ஏற்றட்டும். தலைமையாசிரியர் முதலில் முகம் சுளிப்பார். திருவள்ளுவர் எங்கே என்பார். ஒரு ஓரத்தில் அவருக்கும் இடம் கொடுத்துவிடுங்கள்.

மதிப்பெண். முதல் நாள் போட்ட கோணல் இஞ்சியைத் தேதி எழுதி வாங்கிப் பீரோவில் வைத்துவிடுங்கள். ஒரு பிள்ளையின் படத்தை இன்னொரு பிள்ளையின் படத்தோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடாதீர்கள், அதன் முதல் தாளோடு ஒப்பிடுங்கள். நான் பாதி மதிப்பெண்ணை நோட்டின் பக்கக் கணக்குக்கே கொடுத்துவிடுவேன். எதிரில் பொருளை வைத்துப் பார்த்து வரைந்தது இருபது பக்கம் இருந்தால் முழுசாக. எப்படி வந்திருக்கிறது என்று பார்ப்பதே இல்லை. மீதிப் பாதிக்கு, அவர்களுக்குப் பிடித்த ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து மறுபடி ஒரு முறை போட வேண்டும், இரண்டாவது முறை எதை மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்று நாலு வரி எழுத வேண்டும். இதில் உங்கள் கெட்டிக்காரப் பையன் குறைவாக வாங்கவும் வாய்ப்புண்டு. அவன் அம்மா வந்து கேட்டால் நோட்டை எடுத்துக் காட்டுங்கள்.

படத்தைப் பார்த்து "நல்லா இருக்கு", "நல்லா இல்ல" என்ற இரண்டையும் குறைத்துக்கொள்ளுங்கள். "இந்த வளைவை எங்கே பார்த்துப் போட்டே?" என்று கேளுங்கள். பார்த்துப் போட்டிருந்தால் பிள்ளை பொருளில் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டும். நினைவிலிருந்து போட்டிருந்தால் ஒரு கணம் முழித்துவிட்டுத் தானே திருத்தப் போய்விடும். உங்கள் பென்சிலுக்கு அங்கே வேலை இருக்காது.

எவ்வளவு சொன்னாலும் கை துறுதுறுக்கும், எனக்கும் கடைசி வருடம் வரை துறுதுறுத்தது. வகுப்பில் சுற்றி வரும்போது இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பேன். பிள்ளைகள் எனக்கு "போலீஸ்காரர்" என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள் என்று ஓய்வு பெற்ற அன்றுதான் தெரிந்தது. உங்களுக்கு என்ன பெயர் வைக்கிறார்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். நாளைக்கே ஆரம்பிப்பதானால் இஞ்சி கொண்டுவர இன்றைக்கே சொல்லிவிடுங்கள், ஒரு பத்துத் துண்டு நீங்களும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். எப்படியும் பத்துப் பேர் மறந்துவிட்டு வருவார்கள்.